ஒரு பெயர் பரிசீலனையில் இருந்தபோது

போன மாதம் நம் வழக்கறிஞர் சங்கக் கூடத்தில் நீங்கள் நடத்திய விவாதத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்பது தலைப்பு. நீதிபதிகளே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒரு பக்கமும், மக்கள் வாக்களித்து உட்கார வைத்த அரசுக்கும் அதில் பங்கு வேண்டும் என்று மறுபக்கமும் பேசினீர்கள். கைபேசியில் தீர்ப்புகளைத் தேடி எடுத்து உடனுக்குடன் வாசித்துக் காட்டினீர்கள். முடிவில் என்னை எழுப்பி, மேடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். இதே கூடத்தில் இதே கேள்வியை வைத்து இரண்டு பேர் வாதாடியதைக் கேட்டவள் நான். அதற்குப் பிறகு நடந்ததையும் பக்கத்திலிருந்து பார்த்தவள். நின்றபடி இரண்டு வார்த்தையில் அதைச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீதிமன்றப் படிகளை முழங்கால் ஏறவிடாததால் தொழிலை நிறுத்திவிட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். என்னைத் தெரியாத புதியவர்களுக்காக ஒரு வரி: குமாரபாளையத்தில் தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்து, சட்டம் படித்து, உங்கள் சேலம் நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்தியவள். நான் சொல்லப்போகும் காலத்தில் எனக்கே ஜூனியர்கள் இருந்தார்கள். என்றாலும் பெரிய வழக்கு என்றால் என் சீனியரோடு போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். பெயர் வேண்டாம். பெயர் போடுவதை அவர் விரும்ப மாட்டார்.

கதையில் இன்னொருவரும் இருக்கிறார். ராசிபுரத்துக்காரர், என் சீனியருக்கு இளையவர். சென்னையில் உயர் நீதிமன்றத்தில் பெரிய பெயர் எடுத்தவர். வார இறுதியில் ராசிபுரத்து வீட்டுக்கு வந்துவிடுவார், முக்கியமான வழக்குகளுக்கு நம் நீதிமன்றத்துக்கும் வருவார். அவரை ராசிபுரத்தார் என்றே சொல்கிறேன். என் சீனியர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் அவர். அப்போது ஒரு ஜவ்வரிசி ஆலைக் குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தது. தங்கைக்காக நாங்கள், அண்ணன்மாருக்காக அவர்.

நீதிபதிகள் நியமனத்துக்கு என்று நாடாளுமன்றம் உருவாக்கிய ஆணையத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிய சமயம் அது. எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று சங்கத்தில் ஏற்பாடு செய்தார்கள். ஒரு சனிக்கிழமை மதியம், மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காமல் ஜன்னல் கட்டையில் எல்லாம் உட்கார்ந்திருந்தோம்.

ராசிபுரத்தார் முதலில் பேசினார். அரசின் கையில் நியமனத்தைக் கொடுத்த காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதிய மூத்த நீதிபதிகளைத் தாண்டி, அவர்களுக்கு இளையவரைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்த கதையைச் சொன்னார். அரசாங்கமே கட்சிக்காரராக நிற்கும் வழக்குகள் நம் நீதிமன்றங்களில் மலையாகக் குவிந்திருக்கின்றன, வழக்கில் ஒரு தரப்பே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று முடித்தார்.

என் சீனியர் எழுந்து, அதெல்லாம் சரிதான் என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்கினார். அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த இடத்துக்கு வந்து எவ்வளவு தயங்கி நின்றார்கள் என்று சொன்னார். அரசிடமே விட்டுவிட்டால் வேண்டியவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் என்றால் கட்சி அரசியல் நுழையும். தலைமை நீதிபதியின் இசைவு இருந்தே ஆகவேண்டும் என்றால், அவரும் நம்மைப் போல மனிதர்தானே, ஒருவர் கையில் அவ்வளவு அதிகாரமா? இப்படி யோசித்து, எல்லாவற்றுக்கும் நடுவில், நீதிபதிகளோடு ஆலோசித்து நியமிப்பது என்று எழுதி வைத்தார்கள். ஆலோசனை என்றால் கேட்டுக்கொள்வதா, கேட்டபடி நடப்பதா? உச்ச நீதிமன்றம் முதலில், கேட்டுக்கொண்டால் போதும் என்றது. பிறகு அதே நீதிமன்றம், இல்லை, நீதிபதிகள் சொல்வதே நிற்கும் என்றது.

ஆலோசனை என்ற அந்தச் சொல்லை நான் சட்டக் கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இத்தனை அறிவாளிகள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக என் சீனியர் சொன்னது இதுதான். நாலு பேர் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள். என்ன பேசினார்கள் என்று அந்த மனிதருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த நாலு பேர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அது முறையல்ல. அதற்கு ராசிபுரத்தார், கதவைத் திறந்து வைத்தால் உள்ளே இருப்பவர்கள் உண்மை பேச மாட்டார்கள் என்று பதில் சொன்னார். கைதட்டல் இருவருக்கும் சமமாகவே விழுந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊரில் புதிய நீதிமன்றக் கட்டடம் திறக்க உயர் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி ஒருவர் வந்தார். விழா முடிந்து அவர் பயணியர் மாளிகையில் தங்கியிருந்தபோது என் சீனியருக்கு அழைப்பு வந்தது. ஜவ்வரிசி ஆலை வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒரே காரில் போய்க்கொண்டிருந்தோம் என்பதால் நானும் போனேன். வெளியே இருக்கிறேன் என்றேன். நீதிபதி என்னையும் உட்காரச் சொன்னார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். ராசிபுரத்தாரின் பெயர் உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் பரிசீலனையில் இருக்கிறது. அவருடைய சம்மதத்தைக் கேட்டு வாங்கியாயிற்று. அவரை எதிரே நின்று அதிகம் பார்த்தவர் நீங்கள்தான், உங்கள் அபிப்பிராயம் என்ன? இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது.

கூடத்தில் என் சீனியர் எதிர்த்துப் பேசிய அந்த மூடிய அறைக்குள்தான் இப்போது அவரே உட்கார்ந்திருந்தார்.

"சொல்றனுங்கய்யா. ஆனா ஒண்ணு. இங்க என்ன சொல்றனோ, அதை அவருகிட்டயும் போயிச் சொல்லிப்போடுவேன். அது ஆவாதுன்னா என்னைக் கேக்க வேண்டாமுங்க."

நீதிபதியின் முகம் மாறியது. இப்படி வழக்கமில்லையே என்றார். தெரியும் என்றார் என் சீனியர். மறுத்துவிட்டு எழுந்து போகவும் அவர் தயாராக இருந்தார் என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. எத்தனையோ வருடம் நீதிமன்றத்தில் நின்றவர், உயர் நீதிமன்ற நீதிபதியின் வார்த்தைக்கு ஒரு நிபந்தனை போட்டுவிட்டு அமைதியாக இருக்கிறார். நீதிபதி ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தார். பிறகு, சரி, சொல்லுங்கள் என்றார். அந்த ஒரு சம்மதத்துக்காக அவரையும் நான் இன்றுவரை பெரியவர் என்றே நினைக்கிறேன்.

என் சீனியர் முதலில் தன்னைப் பற்றித்தான் சொன்னார்.

"அவரு ஜட்ஜா போயிட்டா என்ர கேசுல எதிர்த்தாப்புல அவரு இருக்க மாட்டாரு. அதுல எனக்கு லாபமுங்க. போவாம நின்னுட்டா, என்ர மனசுல ஒரு மூலைல சந்தோசமும் வரும். மனுசந்தானுங்களே. ரெண்டையும் கழிச்சுப்போட்டு மிச்சத்தை எடுத்துக்குங்க."

அதற்குப் பிறகு ராசிபுரத்தாரைப் பற்றிப் பேசினார். சட்ட அறிவில் இந்த மாவட்டமே அவருக்குப் பக்கத்தில் நிற்க முடியாது, கை சுத்தம், நீதிமன்றத்தை ஒருநாளும் ஏமாற்றியதில்லை, தனக்கு எதிரான தீர்ப்பு இருந்தாலும் அதையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் வாதாடுவார் என்றார். ஒரு குறை உண்டு என்றார். எளியவர்கள் பேசினால் முடிக்கும்வரை பொறுக்க மாட்டார். ஜவ்வரிசி ஆலை வழக்கில் எங்கள் தரப்புச் சாட்சியான பெரியம்மாவைக் குறுக்கு விசாரணை செய்ததைச் சொன்னார். எடப்பாடிப் பக்கத்துக் கிராமத்து அம்மா அவர். அண்ணன் தங்கைக்குள் நடந்த பேச்சு முழுக்க அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு பதிலையும் முடிக்க விடாமல் அடுத்தடுத்துக் கேள்வியாக அடித்ததில், கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒண்ணுந் தெரியாது சாமி, என்னை உட்டுடுங்க என்று அழுதுவிட்டார். ஒன்றும் தெரியாது என்பதே வாக்குமூலமாகப் பதிவானது. வக்கீலுக்கு அது சாமர்த்தியம், நீதிபதிக்கு அது ஆகாது என்றார் என் சீனியர். இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் அவரை நியமிக்கலாமா என்று நீதிபதி கேட்டார். நியமிக்கலாம் என்றார், தயங்காமல்.

வெளியே வந்ததும் ஓட்டுநரிடம் ராசிபுரம் போகச் சொன்னார். நாளைக்குப் போகலாமே, அவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்றேன். "ஆறப்போட்டா வார்த்தை மாறிப்போவும் அம்மிணி. நாளைக்குன்னா நானே கொஞ்சம் இனிப்புப் போட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். ஒரு மனிதரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதை, சொன்ன சூட்டோடு அவர் முகத்துக்கு நேரே சொல்லப் போகிற காரில் நான் அதற்கு முன்னும் உட்கார்ந்ததில்லை, பின்னும் உட்கார்ந்ததில்லை.

ராசிபுரத்தார் வாசலுக்கே வந்து வரவேற்றார். அவருடைய மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். என் சீனியர் மோரைத் தொடவில்லை. முதலில் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று, பயணியர் மாளிகையில் சொன்னதை அதே வரிசையில் சொன்னார். தனக்குள்ள லாபத்தையும் மனதின் மூலையில் இருக்கும் சந்தோஷத்தையும்கூட விடவில்லை. பாராட்டைக் கேட்டபோது அசையாமல் இருந்த ராசிபுரத்தார், பெரியம்மாவின் அழுகை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ராசிபுரத்தார் கேட்டார்.

"இதை நீங்க என்கிட்ட முன்னயே சொல்லியிருக்கலாமில்லீங்க? எத்தனை வருசம் ஒண்ணா நின்னிருக்கறோம்."

"சொல்லியிருக்கோணும். யாரும் என்னைக் கேக்கல. கேட்டப்பத்தான் சொல்றது கடமைன்னு தோணுச்சு."

கோபம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. மோரைக் குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் குடித்துவிட்டுக் கிளம்பினோம். அதற்குப் பிறகு சில மாதங்கள் நீதிமன்றத்தில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

அந்தக் குறை சொல்லப்பட்ட பிறகும் நீதிபதிகள் அவருடைய பெயரைப் பரிந்துரைத்து அரசின் ஒப்புதலுக்கு அனுப்பினார்கள். செய்தி வந்த அன்று சங்கத்தில் இனிப்பு கொடுத்தார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கூடவே போன பெயர்கள் சில வந்துவிட்டன. இவர் பெயர் மட்டும் வரவில்லை. எந்த மேசையில் நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காரணம் தெரியாத இடத்தில் ஊர் தானாக ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும். என் சீனியரின் காரைப் பயணியர் மாளிகையில் பார்த்தவர்கள் இருந்தார்கள். கோள் சொல்லிக் கெடுத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. நம் பக்கத்துக்காரர் ஒருவர் மேலே போவதைக் கூட இருப்பவரே தடுத்துவிட்டார் என்று இளைஞர்களுக்குப் பொறுக்கவில்லை. அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட ஒரு மாலை சங்கக் கூட்டம் கூட்டினார்கள்.

என் சீனியர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். நீதிபதியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றார். ராசிபுரத்தாரைப் பற்றிப் பேசினீர்களா? பேசினேன். என்ன பேசினீர்கள்? அதை இங்கே சொல்ல மாட்டேன் என்றார். கூடம் கொந்தளித்தது. மூடிய அறையை எதிர்த்து இதே இடத்தில் முழங்கியவர்தானே என்று ஒருவர் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அது அவரோட குறை அம்மிணி. அவருகிட்டச் சொன்னேன், சரி. ஊரு முன்னால போட்டு ஒடைக்கறதுக்கு எனக்கு என்ன உரிமை?"

உங்கள் தொழிலில் இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். உண்மை உங்கள் கையில் இருக்கும், அதைச் சொன்னால் உங்களுக்கு வேண்டியவர் தப்பிப்பார். ஆனால் சொல்லும் உரிமை உங்களுடையதாக இருக்காது. நான் வராந்தாவுக்குப் போய், சொல்லும் உரிமை உள்ள ஒரே மனிதருக்குப் போன் செய்தேன். அவர் அன்று ஒரு வழக்குக்காகச் சேலம் வந்திருந்தார். இங்கே கூட்டம் நடக்கிறது, என் சீனியர் வாயைத் திறக்க மறுக்கிறார் என்று மட்டும் சொன்னேன். வாருங்கள் என்று கேட்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

விவாதம் இழுத்துக்கொண்டே போய்த் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியபோது ராசிபுரத்தார் வாசலில் நின்றார். வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். மேடைக்குப் போகாமல், நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"எளியவங்க பேச்சை நான் முடிக்க உட மாட்டேன்னு இவரு சொன்னாரு. அது நெசம். அன்னைக்கே என்ர ஊட்டுக்கு வந்து, என்ர சம்சாரம் கேக்க, அதையே என்கிட்டயும் சொன்னாரு. நியமிக்கலாம்னும் இவருதான் சொன்னாரு. இப்ப என்ர பேரைப் புடிச்சு வெச்சிருக்கறவங்க ஆருன்னு எனக்குத் தெரியாது. எதுக்குன்னும் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. கோவப்படறதுன்னா அங்க படுங்க."

ஒரு பெரிய வக்கீல், நீதிபதி பதவிக்குக் காத்திருப்பவர், தன் குறையைத் தன் வாயாலேயே நூறு பேருக்கு முன்னால் எடுத்து வைக்கிறார். எதிரிக்காக. தீர்மானத்தை வாசித்தவர் மெதுவாக உட்கார்ந்தார். ராசிபுரத்தார் வந்து என் சீனியருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவர்கள் பழையபடி பேசிக்கொள்ள ஆரம்பித்ததும், அந்த விவாதமும் திரும்ப ஆரம்பித்தது. ஆனால் இருவரும் முன்பு நின்ற இடத்தில் நிற்கவில்லை. அரசுக்கும் பங்கு வேண்டும் என்ற என் சீனியர், காரணமே சொல்லாமல் ஒரு பெயரை நிறுத்தி வைக்க முடிகிறது என்றால் அந்தப் பங்கை எப்படிக் கொடுப்பது என்று தடுமாறினார். கதவு மூடியிருந்தால்தான் உண்மை வரும் என்ற ராசிபுரத்தார், திறந்த கதவோடு ஒருவர் உண்மை சொன்னதைத் தானே கேட்டுவிட்டேனே என்றார். முடிவு கிடைக்கவில்லை. அரசியலமைப்பை எழுதியவர்களுக்கே லேசில் பிடிபடாத ஒன்று இவர்களுக்கும் பிடிபடவில்லை. ஆனால் அதன் உயரத்தை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் விவாதத்தில் எனக்குக் குறைவாகப் பட்டது அதுதான். இரண்டு பக்கமும் பதில் தெரிந்தவர்களாகவே பேசினீர்கள்.

வருடங்கள் ஓடின. ராசிபுரத்தாருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இனி நியமித்தாலும் கொஞ்ச காலம்தான் இருக்க முடியும் என்ற நிலை வந்தபோது சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வாரமே ஜவ்வரிசி ஆலை வழக்கின் இறுதி வாதத்துக்கு வந்திருந்தார். நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் அவரைத் தனியாகப் பார்த்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், வருத்தமாக இருக்கிறதா ஐயா என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா அம்மிணி? ஆசைப்பட்டதுதானே."

டீயைக் குடித்து முடித்துவிட்டு மறுபடி சொன்னார்.

"என்னை எத்தனையோ பேரு எடை போட்டிருப்பாங்க. ஆருன்னே தெரியாது. ஆனா அதுல ஒருத்தரு என்ன சொல்லி எடை போட்டாருன்னு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். இந்த நாட்டுல ஜட்ஜா ஆன எத்தனை பேருக்கு அது தெரியும்னு நெனைக்கறீங்க?"

உள்ளே வழக்கை அழைத்தார்கள். கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நடந்தார். நானும் உள்ளே போகவேண்டியவள், கையில் டீயோடு, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.